காய்ச்சல் விட்ட பின் கறுக்கும் கால்விரல்

மாரி தொடங்கினால் வடக்கின் வைத்தியசாலைகளில் காய்ச்சல் விடுதிகள் நிரம்பத் தொடங்கும். டெங்கு, இன்புளுவென்சா, இடையிடையே சிக்குன்குனியா, இப்போது காலநேரமின்றி வந்துபோகும் கொவிட். வருபவரிடம் எத்தனை நாள் காய்ச்சல் என்று கேட்பார்கள், குருதிச் சிறுதட்டுகளை எண்ணுவார்கள், மூச்சு இழுக்கிறதா என்று பார்ப்பார்கள். போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பது அரிதாகவே நடக்கிறது. காய்ச்சலோடு வந்தவரின் காலில் என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால், கால் நாடிகள் ஏற்கெனவே கடுமையாக அடைபட்ட ஒருவருக்கு ஒரு வைரஸ் காய்ச்சல் என்பது நுரையீரலோடும் குருதியோடும் முடிகிற விடயம் அல்ல. அது அவரது காலையே கொண்டுபோகக்கூடும். யுத்தத்தில் ஒரு காலை இழந்து, இன்று ஐம்பதைத் தாண்டி, சலரோகத்தோடு மற்றக் காலில் நிற்கும் ஆயிரக்கணக்கானோரைக் கொண்ட எமது சமூகத்தில் இது பற்றி எவரும் பேசாதிருப்பது வியப்பளிக்கிறது.

இந்த நோயை வைத்தியர்கள் புற நாடி நோய் என்கிறார்கள். இதயத்திலிருந்து காலுக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் நாடிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி ஒடுங்குவதே இது. உலகெங்கும் 20 கோடிக்கு மேற்பட்டோருக்கு இது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. முதல் அறிகுறி மிகச் சாதாரணமானது. சிறிது தூரம் நடந்தால் கெண்டைக்காலில் உளைவு எடுக்கும், நின்றால் ஆறிவிடும். எங்கள் ஊர்களில் இதை 'கால் உளைவு' என்று சொல்லி எண்ணெய் பூசிக்கொண்டு ஆண்டுக்கணக்காகக் காலம் கடத்துவார்கள். வாதம், நரம்புத் தளர்ச்சி, வயதுக்கோளாறு என்று பல பெயர்களில் அது மறைந்திருக்கும். அடுத்த கட்டத்தில் படுத்திருக்கும்போதும் பாதம் நோகும். இரவில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால்தான் நித்திரை வரும். அதற்கும் அடுத்து, சிறு கீறலும் ஆறாத புண்ணாகும், விரல் நுனி கறுக்கும். இந்தக் கடைசி இரண்டு நிலைகளில் இருப்பவர்களே கடுமையான நோயாளர்கள்.

காரணிகளில் முதன்மையானவை புகைத்தலும் நீரிழிவும். யாழ்ப்பாணச் சுருட்டின் பெருமையைப் பேசும் நாங்கள் அது எத்தனை பேரின் கால் நாடிகளை ஒடுக்கியது என்பதைப் பேசுவதில்லை. நீரிழிவோ இந்த நாட்டில் வளர்ந்தவர்களில் ஐந்து பேரில் ஒருவருக்கு என்ற அளவை எட்டிவிட்டது. நீரிழிவில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. நரம்பு மரத்துவிடுவதால் உளைவே தெரியாது. நோ இல்லை, ஆகவே நோய் இல்லை என்று நினைத்திருப்பவரின் கால் ஒருநாள் திடீரென்று கறுக்கும்.

சரி, காய்ச்சலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இரணைமடுவின் கீழ் வயல் செய்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பெரிய வாய்க்கால் தூர்ந்துபோனால் தண்ணீர் அருகிலுள்ள சிறு வாய்க்கால்களால் சுற்றிச் சுற்றியாவது கடைசி வயலுக்குப் போய்ச் சேரும். குளத்தில் நீர்மட்டம் உயரமாக இருக்கும்வரை இந்தச் சமாளிப்பு நடக்கும். மட்டம் ஒரு முழம் இறங்கினாலும் முதலில் காய்வது அந்தக் கடைசி வயல்தான். அடைபட்ட காலிலும் இதே நிலைதான். பிரதான நாடி மூடியிருக்க, பக்கத்துச் சிறு குழாய்கள் விரிந்து பாதத்துக்குக் குருதியைச் சேர்க்கின்றன. அவை ஓடுவதற்குப் போதிய குருதி அழுத்தம் வேண்டும். காய்ச்சலில் வியர்த்து, வாந்தி எடுத்து, சாப்பாடு தண்ணீர் இறங்காமல் கிடக்கும்போது அழுத்தம் இறங்குகிறது, குருதி தடிக்கிறது. அதே நேரத்தில் காய்ச்சலில் உடலின் இழையங்களுக்கு வழமையைவிடக் கூடுதல் ஒட்சிசன் தேவைப்படுகிறது. தேவை கூட, வரத்துக் குறைய, நடுவில் பாதம் மாட்டிக்கொள்கிறது. நோய் முற்றி அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால், அழுத்தத்தைத் தூக்க ஏற்றும் மருந்துகளே கை கால்களின் சிறு குழாய்களைச் சுருக்கும். உயிரைக் காக்க வேறு வழியில்லை. ஆனால் அந்த வேளையில் காலை யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இது பொதுவாக எந்தக் கடும் காய்ச்சலுக்கும் பொருந்தும். சில வைரஸ்கள் இதற்கு மேலேயும் போகின்றன. கொவிட் அதில் முதன்மையானது. அந்த வைரஸ் நாடிகளின் உட்சுவர்க் கலங்களைத் தாக்கி அழற்சியை உண்டாக்குகிறது. வழுவழுப்பாக இருக்கவேண்டிய சுவர் சொரசொரப்பாகி, சிறுதட்டுகள் அதில் ஒட்டி, குருதி உறையத் தொடங்குகிறது. 2020 இன் முதல் மூன்று மாதங்களில் இத்தாலியின் லொம்பார்டி பிராந்தியத்துக் குருதிக்குழாய்ச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் கண்டது இதைத்தான். கால் நாடி திடீரென அடைபட்டு வந்தோரின் விகிதம் முந்தைய ஆண்டின் அதே மாதங்களில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவாக இருந்தது, அந்த ஆண்டில் பதினாறைத் தாண்டியது. கொவிட் நிமோனியாவோடு அப்படி வந்த 20 பேரைப் பற்றி அவர்கள் எழுதினார்கள். 17 பேருக்குக் குருதியோட்டத்தை மீட்கும் சிகிச்சை செய்யப்பட்டது, 12 பேருக்கே அது கைகூடியது. 20 பேரில் எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். கட்டியை எடுத்து வழியைத் திறந்த பின்னும் அது மீண்டும் உறைந்தது என்பதே அந்த வைத்தியர்களை அதிர வைத்த விடயம். கால்நோய் எதுவுமில்லாத இளவயதினருக்குக்கூட இப்படி நேர்ந்த சம்பவங்கள் பல நாடுகளிலிருந்து அறிக்கையிடப்பட்டன. ஏற்கெனவே ஒடுங்கிய நாடியில் ஒரு கட்டி உருவாக எவ்வளவு இடம் வேண்டும் என்பதை நாங்களே ஊகிக்கலாம்.

இன்புளுவென்சாவையும் 'தடிமன் காய்ச்சல்' என்று தட்டிக்கழிக்க முடியாது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நடந்து 2018 இல் வெளியான ஆய்வு, தொற்று உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு ஆறு மடங்காவதைக் காட்டியது. அது இதயத்தைப் பற்றிய ஆய்வு, காலைப் பற்றியது அல்ல. ஆனாலும் இதய நாடியில் படிவதும் கால் நாடியில் படிவதும் ஒரே படிவு. அழற்சி அதை வெடிக்க வைக்கும் விதமும் ஒன்றே. கடும் கால்நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் இறப்பதும் காலினால் அல்ல, இதயத்தினாலும் மூளைத் தாக்கினாலும்தான்.

டெங்கு இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. எமது நாட்டுக்கென்றே உரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. 2017 இல் இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு பதிவானது. அது விதிவிலக்கான ஆண்டு என்றாலும், மாரி தோறும் யாழ்ப்பாணத்தில் டெங்கு தலைதூக்குவது இப்போது வழமையாகிவிட்டது. டெங்குவில் சிறுதட்டுகள் குறைந்து குருதிக்கசிவு ஏற்படும் அபாயம் உண்டு. ஆகவே அஸ்பிரின், புரூபன், டைக்குளோபினாக் எதுவும் கூடாது என்பது நாட்டில் எல்லோரும் அறிந்த அறிவுறுத்தல். ஆனால் கால் நாடி அடைபட்டவரின் தினக் குளிசையே அஸ்பிரின் அல்லது குளோபிடோகிரெல். காலுக்குள் உலோக வலைக்குழாய் வைத்தவர்கள் சிலர் இரண்டையும் எடுப்பார்கள். நிறுத்தினால் கால் அடைபடலாம், தொடர்ந்தால் குருதி கசியலாம். இதற்கு வீட்டிலிருந்தோ மருந்தகத்து மேசையிலிருந்தோ பதில் சொல்ல முடியாது. எத்தனையாவது நாள் காய்ச்சல், சிறுதட்டு எவ்வளவு, வலைக்குழாய் வைத்து எவ்வளவு காலம் என்பவற்றைப் பார்த்து வைத்தியரே முடிவெடுக்க வேண்டும். அவர் முடிவெடுப்பதற்கு, நோயாளி அந்தக் குளிசையை எடுக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிளினிக் கொப்பியை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்! 'வெள்ளைச் சின்னக் குளிசை ஒன்று' என்ற விபரத்தை வைத்து இரவு நேரத்தில் விடுதியில் நிற்கும் இளம் வைத்தியர் எதைக் கண்டுபிடிப்பார்?

சிக்குன்குனியா இன்னொரு விதம். 2006 இன் இறுதியில் அது இந்நாட்டில் பரவியபோது யாழ்ப்பாணமும் மன்னாரும் மட்டக்களப்பும் முதலில் அகப்பட்ட இடங்களில் இருந்தன. அந்த ஓகஸ்டில்தான் ஏ9 வீதி மூடப்பட்டிருந்தது. பனடோலுக்கும் வரிசையில் நின்ற அந்த நாட்களை மறந்தவர்கள் குறைவு. மூட்டுகள் பூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நோகும் நோய் அது. கடும் கால்நோய் உள்ளவருக்கு அதனால் வரும் ஆபத்து நேரடியானதல்ல. காலில் எழும் எந்த நோவையும் 'சிக்குன்குனியா நோ' என்று கணக்கெழுதி விடுவதுதான் ஆபத்து. கூடவே கிடைக்கும் வலிநிவாரணிகளை வாரக்கணக்கில் விழுங்குவதால் சிறுநீரகமும் பழுதாகும். பின்னர் கால் நாடியைப் படம் பிடிக்க ஏற்றவேண்டிய சாய மருந்தையும் அந்தச் சிறுநீரகம் தாங்காது போகலாம்.

யுத்தத்தில் அவயவம் இழந்தவர்களைத் தனியாகப் பேசவேண்டியிருப்பது வெறும் அனுதாபத்தினால் அல்ல. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த அமெரிக்கப் படையினரை நீண்டகாலம் பின்தொடர்ந்து 1980 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், முழங்காலுக்கு மேலே காலை இழந்தவர்கள் போன்ற பெரிய இழப்புள்ளவர்கள், வேறு வகையில் காயமடைந்தவர்களைவிட இதய, குருதிக்குழாய் நோய்களால் கூடுதலாக இறந்தது தெரியவந்தது. ஆப்கானிஸ்தானில் காயமடைந்த பிரித்தானியப் படையினரிடம் அண்மைய ஆண்டுகளில் செய்யப்படும் ஆய்வும், பெருங்காயப்பட்டவர்களின் நாடிகள் விறைப்பாகி இருப்பதைக் காட்டுகிறது. காரணங்கள் பல கலந்தவை. நடமாட்டம் குறைகிறது, உடல் நிறை கூடுகிறது, மன அழுத்தமும் நித்திரையின்மையும் தொடர்கின்றன, புகைத்தல் துணையாகிறது. அந்தப் படையினருக்கு ஓய்வூதியமும் வருடாந்தப் பரிசோதனையும் இருந்தன. 2009 இல் புதுமாத்தளனில் மயக்கமருந்தின்றிக் கால் வெட்டப்பட்டவருக்கு, கப்பலில் ஏற்றப்பட்டுத் திருகோணமலையில் இறக்கப்பட்டவருக்கு, பின் முகாமில் முள்வேலிக்குள் இருந்தவருக்கு எதுவுமே இல்லை. அன்று முப்பது வயதில் இருந்தவர் இன்று நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டார். எஞ்சிய காலில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக முழு உடல் பாரமும் விழுந்திருக்கிறது. அவருடைய நாடிகளை எவரும் அளந்ததில்லை.

உலகெங்கும் கால்நோய் பற்றிய அறிவுரைத் துண்டுகளில் எழுதப்பட்டிருக்கும் முதல் வரி, 'இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்' என்பதாகும். ஒரு கால் குளிர்ந்து, நிறம் மாறி இருந்தால் அது நாடி அடைப்பின் அடையாளம். ஒரு காலே உள்ளவர் எதோடு ஒப்பிடுவது? இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. தொடையிலிருந்து பாதம் வரை புறங்கையால் தடவிக்கொண்டு வரும்போது சூடு எந்த இடத்தில் திடீரென முறிகிறது என்று பார்க்கலாம். பெருவிரலின் நுனியை அமத்தி விட்டால் வெளிறிய இடத்தில் சிவப்பு இரண்டு மூன்று விநாடிகளுக்குள் திரும்புகிறதா என்று பார்க்கலாம். ஆனால் இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. செயற்கைக் கால் கொடுப்பவர்கள் இழந்த காலைக் கவனிக்கிறார்கள், நீரிழிவு கிளினிக் சீனியின் அளவைக் கவனிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அந்த மற்றக் கால் யாருடைய பொறுப்பிலும் இல்லை.

வைரஸ் செய்யும் கேட்டைவிட வைரஸ் காலத்தில் நாங்கள் செய்யும் தாமதம் கூடுதலான கால்களைப் பறித்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து வைத்தியசாலை ஒன்றில், 2020 இல் நாடு மூடப்பட்டிருந்த மாதங்களில் வந்த நீரிழிவுப் பாத நோயாளர்களுக்குக் கால் அல்லது விரல் அகற்ற வேண்டி வந்த விகிதம், முந்தைய ஆண்டைப்போல் மூன்று மடங்காக இருந்தது. அவர்களுக்குக் கொவிட் வந்ததால் அல்ல, வெளியே வரப் பயந்து புண்ணோடு வீட்டில் இருந்ததால். இலங்கையில் அந்த மார்ச் 20 ஆம் திகதி ஊரடங்கு போடப்பட்டபோது, கிளினிக் நோயாளர்களின் மருந்துகளைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு செய்யப்பட்டது. நல்ல ஏற்பாடு, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் தபாலில் குளிசை போகும், பாதத்தைப் பரிசோதிக்கும் கண் போகாது. 2022 இல் பொருளாதாரம் சரிந்தபோது பேராதனைப் போதனா வைத்தியசாலையே மருந்தின்றித் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்த வேண்டி வந்தது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப்போன தவணைகள் எத்தனை கால்களாக முடிந்தன என்ற கணக்கை எவரும் பொதுவெளியில் வைக்கவில்லை.

தாமதத்தின் விலை மணிக்கணக்கில் அளக்கப்படுவது. நாடி முற்றாக அடைபட்டால் தசை உயிரோடிருக்கும் நேரம் ஏறக்குறைய ஆறு மணித்தியாலங்கள். முல்லைத்தீவின் கரையோரக் கிராமத்திலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். முதலில் உள்ளூர் மருந்தகம், பிறகு பிரதேச வைத்தியசாலை, அங்கிருந்து மாஞ்சோலை, அங்கிருந்து இடமாற்றுக் கடிதம், வண்டி வரும்வரை காத்திருப்பு. ஆறு மணித்தியாலம் எங்கே போனது என்று கேட்கவே தேவையில்லை. காய்ச்சல் நோயாளி என்றால் இன்னும் ஒரு படி கூடும். 'முதலில் காய்ச்சல் என்னவென்று பார்ப்போம், நாளைக்குக் காலைப் பற்றிப் பார்ப்போம்' என்று ஒரு இரவு போய்விடும்.

இதைச் சரிசெய்யப் பெருங்கட்டடம் தேவையில்லை. கையில் பிடிக்கும் சிறிய டொப்ளர் கருவியும் ஒரு குருதி அழுத்தமானியும் இருந்தால், கணுக்காலில் உள்ள அழுத்தத்தைக் கையில் உள்ளதோடு வகுத்துப் பார்க்கலாம். 0.9 இலும் குறைந்தால் அடைப்பு இருக்கிறது. நீரிழிவு நோயாளரில் நாடி சுண்ணாம்பேறி விறைத்திருந்தால் இந்த எண் பொய்யாகக் கூடிக்காட்டும், அதையும் தெரிந்துதான் பார்க்க வேண்டும். பயிற்சி பெற்ற தாதி ஒருவர் சில நிமிடங்களில் செய்யக்கூடிய பரிசோதனை இது. வன்னியின் ஒவ்வொரு ஆதார வைத்தியசாலையிலும் இது இருக்கிறதா, காலிழந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு தடவையாவது செய்யப்படுகிறதா என்று மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் கேட்பதற்கு எமது அரசியல் பிரதிநிதிகளுக்கு எந்த அதிகாரப் பகிர்வும் தேவையில்லை. புலம்பெயர் உறவுகள் அனுப்பும் உதவியில் சக்கர நாற்காலியும் தையல் இயந்திரமும் வருவதுபோல இதுவும் வரலாம்.

தடுப்பூசி பற்றியும் ஒரு வார்த்தை. இன்புளுவென்சாத் தடுப்பூசி இங்கு பொதுமக்களுக்கான வழமையான இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. தனியாரிடம் பணம் கொடுத்துத்தான் போடவேண்டும். நாட்கூலியில் வாழும் ஒரு குடும்பம் அதைச் செய்யாது. கடும் நாடி நோயாளரையும் அவயவம் இழந்தவரையும் முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்து மாரிக்கு முன் இலவசமாகக் கொடுக்கும்படி கோருவது நியாயமான கோரிக்கை. கொவிட் தடுப்பூசியால் குருதி உறைகிறது என்ற பேச்சு இன்னும் ஊர்களில் உலாவுகிறது. ஒருவகைத் தடுப்பூசியில் மிக அரிதாக அப்படி நேர்ந்தது உண்மை. நோயே வந்தவர்களில் உறைவு அதைவிடப் பலமடங்கு அதிகம் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

வீட்டில் இப்படிப்பட்ட ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் செய்யவேண்டியவை அதிகமில்லை. தண்ணீரும் கஞ்சியும் இளநீரும் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். இதயப் பலவீனமோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு அளவை வைத்தியர் சொல்வார். நோவுக்கும் காய்ச்சலுக்கும் பனடோல், அதுவும் அளவோடு. சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை முழுதாக நிறுத்தக்கூடாது, கேட்டுச் செய்ய வேண்டும். பாதம் குளிர்கிறதென்று வெந்நீர்ப் போத்தல் வைப்பதும் ஒத்தணம் கொடுப்பதும் எங்கள் அம்மாமாரின் அன்பான பழக்கம். மரத்துப்போன பாதத்தில் அது பொசுக்கிப் புண்ணாக்கும். கம்பளிக் காலுறை போதும். காலையும் மாலையும் பாதத்தையும், செயற்கைக் கால் போடுபவராயின் வெட்டிய காலின் முனையையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். காய்ச்சலில் இரண்டு மூன்று கிலோ மெலிந்தாலே செயற்கைக் காலின் கிண்ணம் தளர்ந்து உரசத் தொடங்கும். முனையில் புண் வந்தால் அதுவும் ஆறாது. எழும்பி நடக்கத் தொடங்கிய பின் முதல் வாரத்தில் ஒரு தடவை அதைச் சரிபார்க்கக் கொண்டுபோவது நல்லது. காய்ச்சல் விட்டதும் கவனத்தை விட்டுவிட வேண்டாம். கொவிட்டுக்குப் பின் குருதி உறையும் போக்கு வாரக்கணக்கில் நீடிக்கக்கூடும்.

பாதம் திடீரெனக் குளிர்ந்து, வெளிறி அல்லது நீலம்பாரித்து, தாங்கமுடியாத நோவெடுத்தால், அல்லது விரல்களை அசைக்க முடியாமற்போனால், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் காவு வண்டி இலவசமாக வரும். அழைப்பவர் 'காய்ச்சல்காரர் ஒருவர்' என்று தொடங்கினால் அவசரம் புரியாது. 'கால் நாடி அடைப்பு உள்ளவர், கால் இத்தனை மணிக்குக் குளிர்ந்துவிட்டது' என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். அந்த மணியை கிளினிக் கொப்பியின் மேலட்டையில் பெரிதாக எழுதி, கொப்பியை நோயாளியின் கையிலேயே கொடுத்து வண்டியில் ஏற்றுங்கள்.